ஆராதனை கடவுளுக்கு, கேள்வி புனிதருக்கு

மறைக்கல்வி வகுப்பில் நாங்கள் மனப்பாடம் செய்த பாடங்களில் இதுவும் ஒன்று: ஆராதனை கடவுள் ஒருவருக்கு மட்டும். புனிதர்களுக்கு வணக்கம். மரியாவுக்கு மற்றப் புனிதர்களைவிட மேலான வணக்கம், ஆனால் ஆராதனை இல்லை. கிரேக்க வழிவந்த பெயர்களும் இவற்றுக்கு உண்டு. லாத்ரியா, தூலியா, ஹைப்பர்தூலியா. பிரசங்கத்தில் இந்தச் சொற்கள் வரும்போது, சீட்டில் மருந்துப் பெயர் எழுதும் டாக்டரின் தோரணை சாமியாருக்கு வந்துவிடும்.

இந்தப் பாடத்தை நான் ஏற்கிறேன். என் சண்டை பாடத்தோடு அல்ல. அதைப் பெண்களுக்கு நடத்திவிட்டுத் தாங்கள் மட்டும் அதன்படி நடக்காதவர்களோடுதான்.

யாருக்கு இந்தப் பாடம் திரும்பத் திரும்ப நடத்தப்படுகிறது என்று பாருங்கள். ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணியில் கொடியேற்றம். செப்டம்பர் 8 வரை திருவிழா. காவிச் சேலையில் நூறு, இருநூறு கிலோமீட்டர் நடந்து வருகிறவர்களில் பெண்கள் எத்தனை பேர்! கொதிக்கும் மணலில் முட்டி போட்டு நகர்கிறவர்கள், மாதா சொரூபத்துக்குச் சேலை கொண்டுவருகிறவர்கள், பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுகிறவர்கள். இவர்களைப் பார்த்துத்தான் ஒலிபெருக்கி சொல்கிறது: மாதா தருவதில்லை, மகனிடம் பரிந்து பேசி வாங்கித் தருகிறார், எல்லை மீறாதீர்கள். பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்விட்ட எங்கள் உறவினர்கள் மறுபக்கமிருந்து சொல்வார்கள்: “சிலைக்கு முட்டி போடுறீங்களே, இது விக்கிரக ஆராதனை இல்லையா?” இரண்டு விரல்களும் நீளுவது ஒரே பெண்ணை நோக்கி. முட்டியில் ரத்தம் கசிய நகர்கிறாளே, அவளை நோக்கி.

அந்தப் பெண் என்ன பேசுகிறாள் என்று ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு யாராவது கேட்டதுண்டா? நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். “நீயும் ஒரு புள்ளையப் பெத்தவதான? எனக்கு மட்டும் ஏன் இப்படிப் பண்ற?” என்பாள். “போன வருசமே கேட்டேன், காதுல வாங்கல நீ” என்பாள். இது ஆராதனை மொழியா? அடுப்படியில் மூத்த அக்காவிடம் பேசும் பேச்சு. மரியா பிரசவ வலி அறிந்தவள் என்றும், கைக்குழந்தையோடு எகிப்துக்கு ஓடியவள் என்றும், வளர்த்த மகனைக் கொலைமரத்தில் பார்த்தவள் என்றும் அவளுக்குத் தெரியும். (பிரசவ வலி இல்லை என்று சில இறையியலாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கக்கூடாது.) மரியா ஒரு பெண், கடவுள் இல்லை என்பதை அவள் ஒரு கணமும் மறப்பதில்லை. நம் மொழியில் கடவுளையும் கும்பிடுகிறோம், மாமியாரையும் கும்பிடுகிறோம், பண்ணையாரையும் கும்பிட வைத்தார்கள். எந்தக் கும்பிடு எதற்கு என்பதைப் பிரித்தறியப் பெண்களுக்குக் கிரேக்கம் தேவைப்பட்டதில்லை.

இந்தக் கோடு போடப்பட்ட கதையையே கொஞ்சம் பார்ப்போம். நான்காம் நூற்றாண்டில் சைப்ரஸ் தீவின் சலாமிஸ் நகரில் எப்பிபானியுஸ் என்று ஓர் ஆயர் இருந்தார். தம் காலத்துத் தப்பறைகளையெல்லாம் பட்டியல் போட்டு ஒரு பெரிய நூல் எழுதினார். பெயர் பனாரியோன், அதாவது மருந்துப் பெட்டி. தப்பறை பாம்புக்கடி, இவர் நூல் விஷமுறிவு. அந்தப் பட்டியலில் ஒரு பெண்கள் கூட்டம் வருகிறது. அவர்கள் ஓர் இருக்கையில் துணி விரித்து, சின்ன ரொட்டிகளை வைத்து, மரியாவின் பெயரால் படைத்து, பிறகு எல்லோரும் பகிர்ந்து உண்டார்களாம். அந்த ரொட்டியின் பெயராலேயே அவர்களைக் கொல்லிரிதியர் என்றார்கள். இப்படி ஒரு கூட்டம் உண்மையில் இருந்ததா என்று ஐயப்படும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. ஆனால் ஆயரின் கோபம் உண்மை. மரியாவுக்கு மரியாதை இருக்கட்டும், ஆராதனை ஆண்டவருக்கே என்று அவர் அங்கேதான் அடித்துச் சொல்கிறார். அதோடு நிற்கவில்லை. பெண்ணினமே நிலையற்றது, எளிதில் தவறுவது, அற்பப் புத்தியுடையது என்றும் சேர்த்துக்கொள்கிறார். உலகம் தோன்றிய நாளிலிருந்து எந்தப் பெண்ணும் கடவுளுக்குக் குருவாகப் பலி செலுத்தியதில்லை, பெண் குருவாகலாம் என்றால் மரியாவே முதலில் ஆகியிருக்க வேண்டுமே என்று வாதாடுகிறார்.

கவனியுங்கள். அவரைக் கலங்கடித்தது, மரியாவைக் கடவுளாக்கினார்கள் என்பது மட்டுமில்லை. பெண்கள் தாங்களே துணி விரித்து, தாங்களே ரொட்டி வைத்து, எந்த ஆணையும் கேட்காமல் தாங்களே பகிர்ந்து உண்டார்களே, அது. ஆராதனைக்கும் வணக்கத்துக்கும் நடுவே போட்ட கோடு, அதே வீச்சில் பீடத்துக்கும் பெண்ணுக்கும் நடுவேயும் போடப்பட்டது. ஆயிரத்து அறுநூறு ஆண்டுகள் கழித்தும் இந்த மருந்து காலாவதியாகவில்லை. பெண்களுக்குக் குருத்துவம் இல்லை என்று 1976இல் வத்திக்கான் வெளியிட்ட அறிக்கையின் அடிக்குறிப்பில் எப்பிபானியுஸ் பெயர் இருக்கிறது. 1994இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அதே முடிவை உறுதிப்படுத்தியபோது, மரியாவுக்கே குருத்துவம் தரப்படவில்லை, ஆகவே தராதது பெண்களைத் தாழ்த்துவதாகாது என்றார். மேலான வணக்கம் என்பதன் நடைமுறைப் பயன் இதுதான். அவளை எவ்வளவு உயரத்தில் வைக்கிறார்களோ, அவ்வளவு உயரத்திலிருந்து நமக்கு ‘இல்லை’ சொல்ல அவளைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

சரி, கோட்டை ஏற்கிறேன் என்றேனே. அதன் மறுபாதியைப் படிப்போம். இந்தக் கோட்டுக்கு இறையியல் அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் அகுஸ்தீன். மறைச்சாட்சிகளைத் தெய்வமாக்குகிறீர்கள் என்று மானி மதத்தவரான ஃபௌஸ்துஸ் குற்றம் சாட்டியபோது அவர் சொன்ன பதிலின் சாரம் இது: உயிரோடிருக்கும் நல்ல மனிதரிடம் காட்டும் அதே அன்பையும் தோழமையையும்தான் மறைச்சாட்சிகளிடமும் காட்டுகிறோம், ஆராதனை என்ற ஒன்று கடவுளுக்கு மட்டுமே.

இதைவிட எனக்கு என்ன வேண்டும்? உயிரோடிருக்கும் நல்ல மனிதரை நான் மதிக்கிறேன். மதிக்கிறேன் என்பதற்காக, அவர் மனைவியை எப்படி நடத்துகிறார் என்று கேட்காமல் இருப்பேனா? சரணடைதல் ஆராதனையின் இயல்பு. வணக்கம் மனிதருக்குத் தருவது, அதில் கேள்விக்கு இடம் உண்டு. ஒரு புனிதரின் வாழ்க்கையில் எதையும் கேட்காதே, அப்படியே பின்பற்று என்று ஒருவர் சொன்னால், வணக்கத்தை ஆராதனையாக்குகிறவர் அவர்தான். எல்லை மீறுவது முட்டி போட்ட பெண்ணில்லை, ஒலிவாங்கியைப் பிடித்திருப்பவர்.

புனித மோனிக்காவை எடுத்துக்கொள்வோம். அகுஸ்தீனின் தாய். 387இல் ஓஸ்தியா துறைமுக நகரில் இறந்தார். திருநாள் ஆகஸ்ட் 27. குடிகாரக் கணவன், கோபக்காரக் கணவன், வழிதவறிய மகன் என்று எந்தக் கண்ணீரோடு போனாலும் நம் பெண்களுக்குத் தரப்படும் படம் இவர் படம்தான். அந்தப் படத்தைத் தருகிறவர்கள், அகுஸ்தீன் தம் தன்வரலாற்று நூலின் ஒன்பதாம் பகுதியில் தாயைப் பற்றி எழுதியிருப்பதையும் சேர்த்துத் தர வேண்டும். கணவன்மாரிடம் அடிவாங்கி முகத்தில் தழும்போடு வந்த பெண்கள் மோனிக்காவிடம் முறையிடுவார்களாம். மோனிக்கா அவர்களைத்தான் கண்டிப்பார். திருமண ஒப்பந்தம் வாசிக்கப்பட்ட நாளிலேயே நீங்கள் பணிப்பெண்களாகிவிட்டீர்கள், எசமானர்களிடம் வாய் காட்டாதீர்கள் என்பார். தம் கணவர் பத்ரிக் கடும் கோபக்காரராக இருந்தும் தம்மை அடிக்காததற்கு இந்த மௌனமே காரணம் என்பது அவர் கண்ட வழி.

நான்காம் நூற்றாண்டு வட ஆப்பிரிக்காவில், ரோமச் சட்டத்தின் கீழ், ஒரு பெண் உயிர் பிழைக்கக் கண்டுபிடித்த உத்தி அது. அதற்காக மோனிக்காவை நான் குறைசொல்ல மாட்டேன். உயிர் பிழைத்தல் ஒரு திறமை. ஆனால் அதை வேதமாக்கி 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கும் நாட்டில் ஒரு பெண்ணின் கையில் திணிப்பதை என்னவென்று சொல்வது? எனக்குச் சித்தி முறையாகும் ஒருத்தி, மணிக்கட்டு உடைந்து மாவுக்கட்டோடு பங்குச் சாமியாரைப் பார்க்கப் போனாள். நான் கூடப் போயிருந்தேன். “மோனிக்காவ நினைச்சுக்கம்மா, பதினேழு வருசம் அழுதாங்க, கடைசியில செயிச்சாங்க” என்றார். பதினேழு வருடம் என்று இவர் சொன்னது மகனுக்காக வடித்த கண்ணீர், கணவனின் அடிக்காக அல்ல. அந்தக் கணக்கைக்கூடச் சரியாகப் போடவில்லை. சித்தி தலையாட்டிவிட்டு எழுந்தாள். வெளியே வந்து, “இவரு சொல்றத சாமியே சொன்ன மாதிரி கேட்டுக்கணுமா?” என்றாள். ஆராதனைக்கும் வணக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடக் கறாராக நான் எந்த இறையியல் நூலிலும் படித்ததில்லை.

மோனிக்கா கதையில் இன்னொருத்தி இருக்கிறாள். அகுஸ்தீனோடு ஏறக்குறையப் பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்து, அவருக்கு ஒரு மகனைப் பெற்றவள். அவருக்கு வசதியான இடத்தில் பெண் பார்த்தார்கள். அதில் மோனிக்காவின் பங்கு பெரிது. பார்த்த பெண் திருமண வயதைக்கூட எட்டாத சிறுமி. இவள் இடைஞ்சல் என்று ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டாள். மகன் தந்தையோடு இருந்துவிட்டான். இனி வேறொரு ஆணை அறியமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனாள் என்று எழுதும் அகுஸ்தீன், தம் நெஞ்சு கிழிந்து ரத்தம் கசிந்ததாகவும் எழுதுகிறார். அவள் பெயரை மட்டும் எழுதவில்லை. மகன் பெயர் தெரியும், அதெயோதாத்துஸ். கருவில் சுமந்தவளுக்குப் பெயரில்லை.

இப்படி அனுப்பப்பட்ட பெண்கள் நம் மண்ணிலும் உண்டு. ஓரியூருக்குப் போனவர்களுக்கு அந்தச் செம்மண் தெரியும். புனித அருளானந்தரின் ரத்தத்தால் சிவந்தது என்று சொல்லி, குழந்தை வரம் வேண்டி மடியில் முடிந்துகொண்டு வருவார்கள். எங்கள் வீட்டிலும் பூசை மாடத்தில் ஒரு டப்பாவில் இருக்கிறது. கிறிஸ்தவரல்லாத பெண்களும் அங்கே வருகிறார்கள். லிஸ்பனில் 1647இல் பிறந்த ஜான் டி பிரிட்டோ, மதுரை மறைப்பணித் தளத்துக்கு வந்து, காவி கட்டி, மரக்கறி உண்டு, பண்டாரசாமியாக நடந்து, அருளானந்தர் ஆனார். 1686இல் மறவர் நாட்டில் பிடிபட்டுக் கொடிய சித்திரவதை அனுபவித்தார். ஐரோப்பாவுக்குப் போனவர் பாதுகாப்பாக அங்கேயே இருந்திருக்கலாம், திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டது. 1947இல் புனிதர் பட்டம். அவர் துணிச்சலுக்கு என் வணக்கம் உண்டு, முழு மனதோடு உண்டு.

அவர் ஏன் கொல்லப்பட்டார் என்ற கதையில்தான் எனக்குக் கேள்வி. மறவர் குலத் தலைவர்களில் ஒருவரான தடியத்தேவர் நோய் நீங்கி, திருமுழுக்குப் பெற விரும்பினார். அவருக்குப் பல மனைவியர். முதல் மனைவியைத் தவிர மற்றவர்களை விலக்கினால்தான் திருமுழுக்கு என்றார் அருளானந்தர். தேவர் விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் இளையவள் சேதுபதியின் நெருங்கிய உறவுப் பெண். அவள் போய் முறையிட்டாள். சேதுபதி அருளானந்தரைப் பிடித்துவரச் சொன்னார். சில வாரங்களில் எல்லாம் முடிந்துவிட்டது.

எங்கள் ஊர்த் திருவிழாவில் இந்தக் கதை நாடகமாக நடக்கும். இளைய மனைவிக்கு எப்போதும் கறுப்புச் சேலை, உருட்டும் விழி, பின்னணியில் உடுக்கைச் சத்தம். பிரசங்கத்தில் அவளை ஏரோதியாவோடு ஒப்பிடுவார்கள், திருமுழுக்கு யோவானின் தலையைக் கேட்டவளோடு. ஆனால் இவள் யாருடைய தலையையும் கேட்கவில்லை. வீட்டை விட்டு விலக்கப்பட்ட ஒரு பெண் தன் உறவில் அதிகாரமுள்ள ஆணிடம் போய் நியாயம் கேட்டாள். வேறு எங்கே போவாள்? தடியத்தேவர் அரியணைக்கே உரிமை கோரக்கூடிய குடும்பத்தவர், அவரைத் தட்டிவைக்கச் சேதுபதிக்குத் தனிக் காரணங்கள் இருந்தன என்பதை நாடகம் சொல்வதில்லை. திருமுழுக்குக்கு நிபந்தனை வைத்தவர் ஆண். நிறைவேற்றியவர் ஆண். வெட்டச் சொன்னவர் ஆண், வெட்டியவரும் ஆண். பழி மட்டும் அவளுக்கு.

பலதார மணத்தை நான் ஆதரிப்பதாக யாரும் கிளம்ப வேண்டாம். அந்த ஏற்பாடும் பெண்களைக் கேட்டுச் செய்ததில்லை. ஆனால் அதைக் கலைத்ததும் அவர்களைக் கேட்டுச் செய்ததில்லை. விலக்கப்பட்டவர்களுக்குத் தேவர் வேளாவேளைக்குப் படியளக்க ஏற்பாடு செய்தார் என்பார்கள் சிலர். படியளந்திருக்கலாம். நேற்றுவரை மனைவி, இன்று முதல் யார் என்று அவர்களுக்கு யார் சொன்னது? ஒரு ஆணின் ஆன்மாவை மீட்கப் பல பெண்களின் வாழ்வைச் சில்லறையாகச் செலவழித்தார்களே, அது சரியா என்று அருளானந்தரிடமே கேட்கலாம். அவர் விண்ணகத்தில் இருக்கிறார் என்றுதான் திருச்சபை அறிக்கையிட்டிருக்கிறது. அவர் எடுத்த ஒவ்வொரு முடிவும் சரி என்று அறிக்கையிடவில்லை.

மரியா கொரெற்றியைப் பற்றிப் பள்ளியில் படித்த எல்லாப் பெண்களுக்கும் ஒரு பயம் இருந்திருக்கும். இத்தாலியில் கூலி விவசாயக் குடும்பத்துப் பதினொரு வயதுச் சிறுமி. தந்தை மலேரியாவில் இறந்தபின் தாய் வயலுக்குப் போக, சமையலும் தம்பி தங்கையும் இவள் பொறுப்பு. அதே வீட்டில் குடியிருந்த இருபது வயது இளைஞன் பலாத்காரம் செய்ய முயன்றான். மறுத்தாள். 14 இடங்களில் குத்தினான். 1902 ஜூலையில் இறந்தாள். 1950இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவளைப் புனிதராக்கினார். அந்தக் குழந்தை ‘மாட்டேன்’ என்றாளே, அந்தச் சொல்லுக்கு என் தலை தாழும். நமக்குப் போதித்ததோ வேறு: கற்பா உயிரா என்றால் உயிரைக் கொடு. அப்படியென்றால் உயிரைக் காப்பாற்றிக்கொண்டவள் எதை இழந்தாள்? வகுப்பில் உட்கார்ந்திருக்கும் முப்பது சிறுமிகளில் ஏற்கெனவே யாரோ ஒருத்தி வீட்டுக்குள்ளேயே அதை அனுபவித்துவிட்டு வாய் திறக்காமல் இருக்கலாம். அவள் காதில் இந்தக் கதை எப்படி விழும்? 410இல் ரோம் சூறையாடப்பட்டபோது வன்புணர்வுக்கு ஆளான கிறிஸ்தவப் பெண்களைப் பற்றி எழுதியவரும் அதே அகுஸ்தீன்தான். மனம் இசையாதபோது உடலுக்கு நேர்ந்தது அவள் பாவமில்லை, அவள் தூய்மை கெடவில்லை, அதற்காக அவள் சாகத் தேவையில்லை என்று எழுதினார். பதினாறு நூற்றாண்டுகளாக நூலகத்தில் இருக்கிறது. பிரசங்க மேடை வரை வரவில்லை.

புனிதர்களைக் கேள்வி கேட்டால் விசுவாசம் குலைந்துவிடும் என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். திருச்சபையே இதைச் செய்திருக்கிறது. ஐம்பது தத்துவ அறிஞர்களை வாதில் வென்றதாகச் சொல்லப்படும் அலெக்சாந்திரியா கத்தரீனை, வரலாற்று ஆதாரம் போதாது என்று 1969இல் பொது நாட்காட்டியிலிருந்து எடுத்தார்கள், 2002இல் திரும்பச் சேர்த்தார்கள். கடவுளை அப்படி நாட்காட்டியிலிருந்து எடுக்கவும் சேர்க்கவும் முடியுமா? மகதலா மரியாவை, பெயர் சொல்லப்படாத பாவிப் பெண்ணோடு ஒன்றாக்கி 591இல் திருத்தந்தை கிரகோரி ஆற்றிய மறையுரையால், உயிர்ப்பின் முதல் சாட்சி ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ‘மனந்திரும்பிய விலைமகள்’ ஆகிக் கிடந்தாள். 1969இல்தான் நாட்காட்டி அவளைத் தனியே பிரித்தது. 2016இல் அப்போஸ்தலர்களுக்கு நிகராக அவள் நாள் திருவிழாவாக உயர்த்தப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் அயர்லாந்தில் ‘மகதலேன்’ என்று அவள் பெயரிட்ட சலவைக்கூடங்களில் பெண்களை அடைத்து வைத்துக் கூலியில்லாமல் துணி துவைக்க வைத்தார்கள். கடைசிச் சலவைக்கூடம் மூடப்பட்டது 1996இல். தவறான கதையோடு ஒருத்தியை வணங்கினால் அந்தக் கதையின் துணிமூட்டையை உயிரோடிருக்கும் பெண்கள்தான் சுமக்கிறார்கள்.

ஆகவே வேளாங்கண்ணியில் எங்களுக்கு வகுப்பெடுப்பதைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். மாதாவிடம் உரிமையோடு சண்டை போடுகிறவளுக்கு மாதா யாரென்று தெரியும். மோனிக்கா படத்தை மாவுக்கட்டுக் கையில் கொடுக்கும் முன், அவள் காவல் நிலையம் போகத் துணைக்கு ஆள் அனுப்ப முடியுமா என்று பாருங்கள்.

வருகிற பிப்ரவரித் திருவிழா நாடகத்துக்கு நான் ஒரு காட்சி எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு பக்கம். இளைய மனைவி தன் பெட்டியோடு வாசலில் நிற்கிறாள். தடியத்தேவரிடம் ஒரு கேள்வி கேட்கிறாள், அருளானந்தரிடம் ஒரு கேள்வி. கறுப்புச் சேலை வேண்டாம், உடுக்கை வேண்டாம் என்று குறிப்பும் எழுதியிருக்கிறேன். விழாக் குழுவில் பதினோரு பேர், எல்லோரும் ஆண்கள். ஏற்கெனவே நேரம் நீளுகிறது, பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். அந்த வேடம் கட்டச் சித்தியின் மகள் வசனம் பாடம் பண்ணத் தொடங்கிவிட்டாள்.